ஒரு தேசியத் தலைவரின் குணத்தையும் விழுமியத்தையும் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

தலைவர்களின் ஆளுமை வகை என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது பதினாறு கட்டம் போட்ட ஒரு படம்தான். நேரு ஒரு கட்டத்தில், இந்திரா ஒரு கட்டத்தில், காந்தி ஒரு மூலையில். பார்க்க நன்றாக இருக்கும், நாலு பேருக்கு அனுப்பவும் வசதி. ஆனால் அந்தப் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நெருக்கடி நிலை நடந்துகொண்டிருக்கும்போதே 1977 ஜனவரியில் இந்திரா ஏன் தேர்தலை அறிவித்தார், அதிர்ந்து பேசாத மன்மோகன் சிங் 2008-ல் ஏன் ஆட்சியையே பணயம் வைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். படம் வாயே திறக்காது.

அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் தேட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளவியல் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டு, வாசிக்கிற பழக்கம், எழுதியதை அடித்துத் திருத்தும் மனசு, இந்த மூன்றும் போதும். நான் சில வருடங்களாக இந்தியப் பிரதமர்களை வைத்து இதைச் செய்துவருகிறேன், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். வழி எந்த நாட்டுத் தலைவருக்கும் ஒன்றுதான்.

தொடங்கும் முன் மூன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பாணி, குணம், விழுமியம். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

பாணி என்பது கண்ணுக்கும் காதுக்கும் உடனே தெரிவது. வாஜ்பாய் பேச்சின் நடுவில் விடும் நீண்ட இடைவெளி, நேரு சட்டையில் செருகிய ரோஜா, நரசிம்ம ராவின் மௌனம். குணம் அதற்குக் கீழே இருப்பது: சாதாரண நாளில், யாரும் கைதட்டாத நேரத்தில், அந்த ஆள் வழக்கமாக நடந்துகொள்ளும் விதம். சட்டென்று கோபம் வருமா, அதிகாரிகள் மறுத்துப் பேசினால் கேட்பாரா, முடிவெடுக்க வாரக்கணக்கில் ஆகுமா. விழுமியம் இன்னும் கீழே. இரண்டு நல்ல விஷயங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதுதான் அது. 'நான் ஜனநாயகத்தை மதிக்கிறேன்' என்று மேடையில் சொல்லாத தலைவர் உலகத்திலேயே கிடையாது, எனவே சொல்வதை வைத்து விழுமியத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். என் நோட்டின் முதல் பக்கத்தில் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்: குணத்துக்குப் பழக்கத்தைப் பார், விழுமியத்துக்குக் கொடுத்த விலையைப் பார்.

முதல் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

இப்போது பதவியில் இருப்பவரை எடுக்காதீர்கள். கடிதங்களும் கோப்புகளும் வெளியே வந்திருக்காது, கூட இருந்தவர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள், உங்களுக்கும் அவர் மேல் பாசமோ வெறுப்போ சூடாகவே இருக்கும். பதவிக்காலம் முடிந்து இருபது முப்பது வருடம் ஆன ஒருவரை எடுங்கள். எடுத்த உடனே, ஒரு வரி கூடப் படிப்பதற்கு முன்பு, அவரைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதித் தேதி போட்டுவிடுங்கள். வீட்டில் கேட்டது, பள்ளிப் பாடத்தில் வந்தது, அப்பாவின் கட்சி, எல்லாம் அதில் வந்து இறங்கும். இதைச் செய்யாமல் தொடங்கினால் படிப்பதெல்லாம் ஏற்கெனவே நினைத்ததற்குச் சாட்சியாகவே தெரியும். நான் சாஸ்திரியைப் பற்றி அன்று எழுதியது ஒரே வார்த்தை: 'சாது'. அது எங்கே உடைந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எதைப் படிப்பது

எழுதி வாசித்த உரைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்திராவின் உரைகள் பலவற்றின் பின்னால் ஷாரதா பிரசாத் போன்ற அருமையான எழுத்தாளர் இருந்தார். அந்த உரையிலிருந்து குணத்தை எடுத்தால் யாருடைய குணத்தை எடுக்கிறீர்கள்? தலைவர்களைத் தூரத்திலிருந்து ஆராயும் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மார்கரெட் ஹெர்மன் இதில் கண்டிப்பானவர். தயாரிப்பில்லாமல் சொன்ன பேட்டிப் பதில்கள்தான் வேண்டும், குறைந்தது நூறு வார்த்தை உள்ள பதில்களாக ஐம்பதாவது இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவற்றை வைத்து ஏழு விஷயங்களை அளப்பார்: நடப்பதைத் தன்னால் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை, அதிகார வேட்கை, ஒன்றைப் பல கோணத்தில் பார்க்கும் திறன், தன்னம்பிக்கை, ஆட்களைவிட வேலையில் கவனம், பிறர்மேல் சந்தேகம், தன் கூட்டத்தின்மேல் சாய்வு. நாம் அந்த அளவுக்கு எண்ணத் தேவையில்லை, ஆனால் பேட்டி, நாடாளுமன்றக் குறுக்குக் கேள்விக்குச் சொன்ன பதில், தனிக் கடிதம், இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். நாடாளுமன்ற விவாதங்களை நாடாளுமன்றத்தின் மின்நூலகத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். கூட இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளும் நல்லதுதான். ஆனால் எழுதியவர் தலைவரோடு சண்டை போட்டுப் பிரிந்த பிறகு எழுதினாரா, பிரியாமல் இருந்து எழுதினாரா என்பதைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

தலைவர் தன்னைப் பற்றித் தானே எழுதியது கிடைத்தால் அது பொக்கிஷம். எனக்கு மிகப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். கல்கத்தாவிலிருந்து வந்த மாடர்ன் ரிவ்யூ இதழில் 1937 நவம்பரில் 'ராஷ்டிரபதி' என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் சாணக்கியா என்று இருந்தது. அந்தக் காலத்தில் காங்கிரஸ் தலைவரை ராஷ்டிரபதி என்பார்கள், அப்போது தலைவர் நேரு. கட்டுரை ஒரு கூட்டத்தின் நடுவில் ஆரம்பிக்கிறது. ஜே கோஷம் எழுகிறது, அவர் வேகமாக நடந்து வருகிறார், கை கூப்புகிறார், வெளிறி இறுகிய முகத்தில் சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய் முகம் மறுபடியும் இறுகிவிடுகிறது. இது இயல்பான சிரிப்பா, கூட்டத்தை மயக்கப் பழகிக்கொண்டதா என்று கட்டுரையாளர் சந்தேகப்படுகிறார். அப்புறம் ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: இவரிடம் பெரும் செல்வாக்கு இருக்கிறது, உறுதி இருக்கிறது, கர்வம் இருக்கிறது, பிறரைப் பொறுக்காத தன்மையும் பலவீனர்கள்மேல் ஓர் இளக்காரமும் இருக்கிறது, ஒரு சர்வாதிகாரிக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது, இவரை மூன்றாவது முறையும் தலைவராக்காதீர்கள், நமக்கு சீசர்கள் வேண்டாம். அந்தச் சாணக்கியா வேறு யாருமில்லை, நேருவேதான்.

இதை நோட்டில் எப்படி எழுதுவது? குணம் என்ற பத்தியில்: பொறுமையின்மை, கர்வம், கூட்டத்தின்மேல் காதல், தன்னையே வெளியிலிருந்து பார்க்கும் பழக்கம். விழுமியம் என்ற பத்தியில்: தன் குணத்துக்கு வேலி வேண்டும் என்ற எண்ணம், ஆனால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, ஏனென்றால் ஒரு கட்டுரை எழுத என்ன விலை ஆகிவிடும்? விலை பிற்பாடுதான் தெரியும். பிரதமரான பிறகு 1947 அக்டோபர் முதல் 1963 டிசம்பர் வரை மாதம் இருமுறை என்ற கணக்கில் மாநில முதலமைச்சர்களுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார், உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கக்கூடிய ஆட்களிடம் உலக நடப்பையும் தன் யோசனைகளையும் விளக்கிக்கொண்டே இருந்தார். இது வலுவான சான்று. அதே சமயம் 1959 ஜூலையில் கேரளத்தில் நம்பூதிரிபாடின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கலைக்கப்பட்டது இவர் பிரதமராக இருந்தபோதுதான். அதையும் எழுதியாக வேண்டும். பிடித்த தலைவருக்கு எதிரான சான்றை எழுதக் கை தயங்கும், எனக்கு இன்னும் தயங்குகிறது.

மூன்றாம் படி: விலைப்பட்டியல்

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம், நேரம் இல்லாவிட்டால் இதை மட்டுமாவது செய்யுங்கள். ஒரு பக்கத்தில் நாலு பத்தி போடுங்கள். என்ன நடந்தது. அவர் என்ன செய்தார். அதனால் எதை இழந்தார் அல்லது இழக்கத் துணிந்தார். வேறு என்ன செய்திருக்கலாம். நாலாவதுதான் உயிர். வேறு வழியே இல்லாதபோது செய்தது விழுமியத்தைக் காட்டாது.

சாஸ்திரியை எடுத்துக்கொள்வோம். 1956 இலையுதிர் காலம் தொடங்கும் நேரம், ஐதராபாத் பக்கம் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23 விடியும் முன், அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போக, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றில் இறங்கியது. மறுபடியும் நூற்றுக்கும் மேல் சாவு. இந்த முறை சாஸ்திரி விடவில்லை, விலகினார். அவர் தவறு செய்தார் என்பதற்காக இல்லை, பொறுப்பேற்பது என்ற மரபுக்காகவே விலகலை ஏற்கிறேன் என்ற பொருளில்தான் நேருவும் நாடாளுமன்றத்தில் பேசினார்.

நாலாவது பத்தியில் என்ன எழுதுவது? விசாரணைக் குழு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வெள்ளத்தின்மேல் பழி போட்டிருக்கலாம், வெள்ளம் உண்மையும்கூட. பிரதமரே தேவையில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டார். இத்தனை வழி இருந்தும் போனார் என்பதுதான் இந்த வரிக்கு எடை. (தமிழ்நாட்டில் அந்த விபத்து அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசன் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டது. 'ஆண்டது போதாதா, மாண்டது போதாதா' என்ற தேர்தல் கோஷத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த அழகேசன் சாஸ்திரியின் கதையில் இன்னொரு முறை வருவார்.)

அடுத்து 1963, காமராஜர் திட்டம். ஆறு மத்திய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் கட்சி வேலைக்காகப் பதவி விலகினார்கள், உள்துறை அமைச்சர் சாஸ்திரியும் அதில் ஒருவர். இதற்கு எடை குறைத்துப் போடுங்கள். பன்னிரண்டு பேரில் ஒருவராக விலகுவது தனியாக விலகுவது போல ஆகாது, அவர் 1964 ஜனவரியிலேயே அமைச்சரவைக்குத் திரும்பியும் விட்டார்.

1965 பிப்ரவரி இதைவிடச் சிக்கல், அதனாலேயே நிறையச் சொல்லித்தருகிறது. சென்னை மாநிலம் இந்தி எதிர்ப்பில் எரிந்துகொண்டிருக்கிறது. பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியமும், அதே அழகேசனும், மொழிக் கொள்கையைக் கண்டித்து மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுக்கிறார்கள். சாஸ்திரி முதலில் செய்தது என்ன தெரியுமா? ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்துக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் மறுத்தார். அதே நாள் சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மக்களுக்கு நேரு கொடுத்த உறுதியைக் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுத்தார். சாது என்று நான் எழுதி வைத்திருந்த ஆள் முதலில் இறுக்கமாகத்தான் நின்றிருக்கிறார். ஆனால் தவறு என்று தெரிந்ததும் ஒரு நாளுக்குள், நாடே கேட்க, இறங்கி வந்தார். தாய்மொழியாக இந்தி பேசுகிறவர், இந்தி பேசும் மாநிலங்களின் கோபத்தைச் சம்பாதிப்போம் என்று தெரிந்தே.

அப்புறம் செப்டம்பர். பாகிஸ்தான் படை ஜம்மு பக்கம் சம்ப் பகுதியில் முன்னேறி அக்னூரை நெருங்க, சாஸ்திரியின் அரசு செப்டம்பர் 6 அன்று பஞ்சாபில் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் பக்கம் படையை அனுப்பியது. என்னுடைய 'சாது' அங்கேதான் செத்தது. குள்ளமான உருவம், மெல்லிய குரல், ஒதுங்கி நிற்கும் பழக்கம், இதெல்லாம் பாணி. நான் பாணியைப் படித்துவிட்டுக் குணத்தைப் படித்ததாக நினைத்திருந்தேன். நாலு மாதம் கழித்து, 1966 ஜனவரி 10, தாஷ்கண்டில் பாகிஸ்தானோடு சமாதான உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டு, படையினர் உயிரைக் கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாய் உட்பட எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். வெற்றி வீரர் என்று கிடைத்த பெயரைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். அன்றிரவே, ஜனவரி 11 பிறந்த கொஞ்ச நேரத்தில், இறந்துபோனார்.

இப்போது பட்டியலை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் வாசியுங்கள். பதவி அவருக்கு எளிதில் கழற்றக்கூடிய சட்டை. தன் பேச்சிலிருந்து இறங்கி வர அவருக்கு முடியும். ஆனால் முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் கை நடுங்காது. சாதிப் பெயரைச் சின்ன வயதிலேயே விட்டவர், 'சாஸ்திரி' என்பது காசி வித்யாபீடம் கொடுத்த பட்டம்தான் என்பதையும் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் அடைக்கச் சொன்னால் எந்தக் கட்டம் கொள்ளும்?

நாலாம் படி: இப்போது குணத்துக்குப் பெயர் வையுங்கள்

பட்டியல் கையில் வந்த பிறகுதான் வகைப்பெயர்களைத் தொட வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது ஐந்து பெருங்குணங்கள் என்ற அளவுகோல்: புதியதை ஏற்கும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், வெளிமுக இயல்பு, இணக்கம், மனச்சலனம். இதில் யாரும் 'இந்த வகை' ஆக மாட்டார்கள், ஒவ்வொன்றிலும் கூடவோ குறையவோ இருப்பார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எந்தச் சம்பவத்தை வைத்துப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். சம்பவம் எழுத முடியாத எண்ணை அடித்துவிடுங்கள்.

இன்னொரு எளிய கருவி, அமெரிக்க அரசியலறிஞர் ஜேம்ஸ் டேவிட் பார்பருடையது. இரண்டே கேள்வி: பதவியில் எவ்வளவு சக்தியைப் போடுகிறார்? அதில் அவருக்குச் சந்தோஷம் இருக்கிறதா? இதை வைத்து அமெரிக்க அதிபர்களை நாலாகப் பிரித்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நிறைய உழைத்தார், அனுபவித்து உழைத்தார். நிக்சன் நிறைய உழைத்தார், ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டே. இந்த இரண்டாம் வகையினர் ஒரு கட்டத்தில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது தன்னை அழித்தாலும் விடமாட்டார்கள் என்று பார்பர் 1972-ல் வந்த தன் நூலில் எச்சரித்தார். 1974 ஆகஸ்டில் நிக்சன் வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகினார், பார்பர் பெயர் பரவியது. ஒரு கணிப்பு பலித்ததற்காக முறை முழுவதையும் கும்பிட வேண்டாம். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி, சந்தோஷமாகச் செய்கிறாரா என்பது, நம் ஊர்த் தலைவர்களிடமும் கேட்கத் தகுந்தது. பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் அதைக் கேட்பதே இல்லை.

பதினாறு கட்டம் பற்றி இரண்டு வரி. கார்ல் யுங்கின் யோசனைகளை வைத்து கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது அது. நடுவில் நிற்கிற ஆளையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். அதே ஆள் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் வேறு கட்டத்தில் விழுவது சகஜம். நேருவோ இந்திராவோ அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதவும் இல்லை, யாரோ அவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: விழுமியத்தை எதிரெதிராக வையுங்கள்

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் மனித விழுமியங்களைப் பத்தாகப் பிரித்து ஒரு வட்டத்தில் வைத்தார். வட்டம் என்பதுதான் இதில் அழகு: பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரில் இருப்பவை மல்லுக்கு நிற்கும். அதிகாரமும் சாதனையும் ஒரு பக்கம், நெருங்கியவர்மேல் அக்கறையும் எல்லா மனிதர்மேலும் அக்கறையும் எதிர்ப்பக்கம். சுயமாக முடிவெடுப்பதும் புதுமை தேடுவதும் ஒரு பக்கம், பாதுகாப்பும் மரபும் ஊரோடு ஒத்துப்போவதும் எதிர்ப்பக்கம். மீதி ஒன்று இன்ப நுகர்ச்சி, தலைவர்கள் விஷயத்தில் எனக்கு அது அதிகம் பயன்பட்டதில்லை. விலைப்பட்டியலின் ஒவ்வொரு வரியிலும், எது எதோடு மோதியது, எது ஜெயித்தது என்று இந்த வட்டத்தை வைத்துக் குறியுங்கள்.

இதற்கு முன்பே மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் இன்னும் சுருக்கமாகப் பார்த்தார். அரசியலில் இரண்டே விழுமியம்தான் ஆட்களைப் பிரிக்கிறது, சுதந்திரமும் சமத்துவமும் என்றார். லெனின், ஹிட்லர், அமெரிக்க வலதுசாரி அரசியல்வாதி கோல்ட்வாட்டர், சோஷலிஸ்ட் எழுத்தாளர்கள் ஆகியோரின் எழுத்துகளில் விழுமியச் சொற்களை எண்ணிப் பார்த்தார். சோஷலிஸ்ட்களிடம் இரண்டும் உயரத்தில், லெனினிடம் சமத்துவம் மேலே சுதந்திரம் கீழே, கோல்ட்வாட்டரிடம் நேர் தலைகீழ், ஹிட்லரிடம் இரண்டும் தரையில். நீங்கள் எடுத்த தலைவரின் பேட்டிகளில் இந்த இரண்டு சொல்லையும் எண்ணிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். சொல்லை எண்ணுவது முடிவு கிடையாது, எங்கே தோண்டலாம் என்று காட்டும் அவ்வளவுதான்.

ஆறாம் படி: நாற்காலியைக் கழித்துவிடுங்கள்

அந்த நாற்காலியில் வேறு யார் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்களா? இந்தக் கேள்வியை பிரெட் கிரீன்ஸ்டீன் என்ற அறிஞர் வலியுறுத்தினார். ஆம் என்றால் அது சூழ்நிலை, குணம் ஆகாது.

1991-ஐப் பாருங்கள். அந்நியச் செலாவணி கிட்டத்தட்ட இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. முந்தைய சந்திரசேகர் அரசே தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தது. ஜூலை 1-லும் 3-லும் ரூபாய் மதிப்பைக் குறைத்ததை நரசிம்ம ராவின் குணத்தில் சேர்க்காதீர்கள், யார் வந்திருந்தாலும் ஏதோ ஒரு வகையில் செய்துதான் இருப்பார்கள். ஆனால் ஜூலை 24 வேறு கதை. பல பத்தாண்டு கால லைசென்ஸ் முறையைத் தூக்கியெறியும் தொழில் கொள்கை அன்றுதான் வந்தது. தொழில் துறையைத் தன்னிடமே வைத்திருந்த ராவ் எழுந்து பேசவில்லை. இணை அமைச்சர் அதை அவையில் தாக்கல் செய்தார், சில மணி நேரத்தில் மன்மோகன் சிங்கின் பட்ஜெட் வந்து எல்லார் கவனத்தையும் இழுத்துக்கொண்டது. கொள்கை அறிக்கையோ நேருவின் பெயரைச் சொல்லி மரியாதையோடு ஆரம்பிக்கிறது, இது தொடர்ச்சிதான் என்கிற தொனியில். இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு சத்தமில்லாமல் செய்தது நாற்காலி செய்தது இல்லை, அந்த மனிதர் செய்தது. என்ன செய்தார் என்பதில் சூழ்நிலை அதிகம் இருக்கும், எப்படிச் செய்தார் என்பதில் குணம் அதிகம் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஏழாம் படி: பாதியில் நிறுத்திக் கணியுங்கள்

வாழ்க்கையின் பாதி வரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். அடுத்த பெரிய நெருக்கடியில் என்ன செய்வார் என்று எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள்.

வி.பி. சிங் இதற்கு நல்ல ஆள். கொள்ளையர்களை ஒடுக்க முடியவில்லை என்று 1982-ல் உத்தரப் பிரதேச முதலமைச்சர் பதவியை விட்டார். 1987-ல் ராஜீவ் அமைச்சரவையிலிருந்து வெளியே வந்தார். இங்கே நிறுத்தினால் 'சிக்கல் வந்தால் விலகிவிடுவார்' என்று எழுதத் தோன்றும். ஆனால் 1990 ஆகஸ்ட் 7-ல், பிரதமராக இருந்தபோது, பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு தரும் மண்டல் அறிவிப்பு வந்து, வட இந்தியத் தெருக்கள் பற்றியெரிந்தபோது அவர் அறிவிப்பையும் திரும்பப் பெறவில்லை, தானாக விலகவும் இல்லை. அத்வானியின் ரத யாத்திரையைத் தடுத்ததால் பாஜக ஆதரவை விலக்க, நவம்பர் 7 அன்று 142-க்கு 346 என்று தோற்று, அப்புறம்தான் போனார். கணிப்பு தப்பியது நல்லது. விலகுவது அவருக்குப் பழக்கமா, கொள்கைக்கான கருவியா என்று பழைய வரிகளைத் திரும்ப வாசிக்க வேண்டி வருகிறது, அந்த இரண்டாம் வாசிப்பில்தான் நிறைய கிடைக்கும்.

மன்மோகன் சிங்கும் அப்படித்தான். தயங்குகிறவர் என்று எல்லாரும் எழுதி முடித்திருந்தபோது, அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டுக்காக இடதுசாரிகள் ஆதரவை விலக்கட்டும் என்று நின்றார். 2008 ஜூலை 22, 275-க்கு 256. இந்திராவின் 1977 தேர்தல் அறிவிப்பில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஜெயிப்போம் என்ற தப்புக் கணக்கா, மக்கள் ஒப்புதல் இல்லாமல் ஆள்வது உறுத்தியதா, இரண்டுக்கும் ஆதரவாக நல்ல வாதங்கள் உண்டு. இரண்டையும் எழுதி எதிரெதிரே வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது

நோய்ப் பெயர் வைக்காதீர்கள். 1964 அமெரிக்கத் தேர்தலில் ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வி அனுப்பியது: கோல்ட்வாட்டர் அதிபராக மனத்தளவில் தகுதியானவரா? 2,417 பேர் பதில் போட்டார்கள், அதில் 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். ஒருவர்கூட அவரைப் பரிசோதித்து அந்தப் பதிலை எழுதவில்லை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். நேரில் பரிசோதிக்காமல், அனுமதி இல்லாமல் பொது மனிதர்களைப் பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-ல் விதியே போட்டது. மருத்துவர்களுக்கே அந்த நிலை. நாம் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஒருவரை மனநோயாளி என்று எழுதுவது அந்தத் தலைவருக்கு மட்டும் இழைக்கும் அநியாயம் இல்லை, உண்மையிலேயே அந்த நோயோடு போராடுகிறவர்களுக்கும் வலிக்கும்.

இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு

1978 செப்டம்பரில் கேம்ப் டேவிடில் எகிப்தின் சாதத்தையும் இஸ்ரேலின் பெகினையும் உட்கார வைத்து அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் சமாதானப் பேச்சு நடத்தினார், பதின்மூன்று நாள். முன்னதாகவே இருவரின் ஆளுமை பற்றியும் சிஐஏவின் ஆய்வுக் குழு தயாரித்த குறிப்புகளை அவர் ஊன்றிப் படித்திருந்தார். பெகின் ஒவ்வொரு சொல்லையும் சட்டக்காரர் போலப் பிடித்துக்கொள்வார், சாதத் பெரிய சித்திரத்தைப் பார்த்துவிட்டுச் சில்லறையை ஒதுக்கிவிடுவார். இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் வெடிக்கிறது என்று கண்டதும், தனித்தனியாகப் பார்த்துப் பேசினார் கார்ட்டர். கடைசி நாள் எல்லாம் கெட்டுப்போகும் நிலை வந்தது. பெகின் தன் பேரக்குழந்தைகளுக்காகக் கையெழுத்திட்ட படங்கள் கேட்டிருந்தார். கார்ட்டர் குழந்தைகளின் பெயர்களை விசாரித்து வாங்கி, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானே எடுத்துக்கொண்டு பெகின் தங்கியிருந்த குடிலுக்குப் போனார். பெகின் ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார், குரல் உடைந்தது. அன்றே ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்பந்தத்துக்குக் காரணங்கள் பல, படம் மட்டும் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எதிரில் இருக்கும் மனிதருக்கு எது விலைமதிப்பற்றது என்று தெரிந்தவர்தான் அந்தக் குடிலுக்கு அந்தப் படங்களோடு போக முடியும்.

சரி, முதல் மாதத்துக்கு என் யோசனை இது. சாஸ்திரியின் பட்டியலை நான் எழுதியதை நம்பாமல் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டாவதாக மொரார்ஜி தேசாயை எடுங்கள். பாணி, குணம், விழுமியம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அபூர்வமான ஆள், 1969 ஜூலையில் நிதித்துறையைப் பறித்ததும் துணைப் பிரதமர் பதவியையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர், 81 வயதில் பிரதமரானவர், அதனால் பழக எளிது. இந்திராவை மூன்றாவதாகத் தொடாதீர்கள், ஆறாவது ஏழாவது ஆளாக வரட்டும். அதுவரைக்கும் அவரைப் பற்றி இன்று என்ன நினைக்கிறீர்கள் என்ற அந்த அரைப் பக்கத்தை மட்டும் எழுதி, தேதி போட்டு, நோட்டின் பின்அட்டைக்குள் வைத்திருங்கள்.